சும்மா கிடக்கும் செல்போன் எத்தனை தடவை பேசுகிறது? புதுச்சேரி–கடலூர் சாலையில் ஓர் அளவீடு

வீராம்பட்டினம் தேரன்று கூட்டத்தில் ஒரு பிள்ளை தொலைந்துபோனால் மைக்கில் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். பிள்ளை கடற்கரைப் பக்கம்தான் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்துக் குழாய் ஒன்று போதும். தெரியாவிட்டால் ஊர் முழுக்கக் கட்டிய குழாய்கள் அத்தனையும் அலற வேண்டும். பையில் கிடக்கும் செல்போனுக்கு அழைப்பு வரும்போது நெட்வொர்க் செய்வதும் இதுவே. அதற்குப் பெயர் பேஜிங். அலறலைக் குறைக்க வேண்டுமானால் போன் தானாகவே "இந்தப் பக்கம் வந்துவிட்டேன்" என்று அவ்வப்போது சொல்ல வேண்டும்; அது லொகேஷன் அப்டேட். அடிக்கடி சொன்னால் பேட்டரியும், இந்தச் சேதிகள் ஓடும் சிக்னலிங் சேனலும் கரையும். சொல்லாமலே இருந்தால் ஒவ்வோர் அழைப்புக்கும் நூற்றுக்கணக்கான செல்கள் (டவரின் ஒரு முகம் ஒரு செல்) கத்தும்.

இந்தப் பேரத்தைப் புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து கடலூர் பேருந்து நிலையம் வரை, ஏறக்குறைய 22 கிலோமீட்டரில், சாதாரண ஆண்ட்ராய்டு போன்களைக் கொண்டே அளந்து, பிறகு பைத்தானில் கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை இது. இந்தச் சாலையைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் வடிவம். முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில், முள்ளோடை, பிறகு தென்பெண்ணை தாண்டி ஆல்பேட்டை, மஞ்சக்குப்பம் என்று ஊர்கள் ஒரே கோட்டில் கோத்துக் கிடக்கின்றன. கணக்கை இரண்டு பரிமாணத்தில் போடாமல் ஒரு கோட்டில் போட்டுவிடலாம். நடுவே அரியாங்குப்பத்து ஆறு, சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கெடிலம் என்று நான்கு நீர்ப்பரப்புகள். அவை தரும் தொல்லைகளும் பாடத்துக்கு உதவும்.

மாநில எல்லை இதில் குறுக்கிடாது. ஆல்பேட்டை சோதனைச்சாவடி மதுப் பாட்டிலுக்குத்தான், ரேடியோ அலைக்கு அல்ல. தொலைத்தொடர்பு உரிமக் கணக்கில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்தில் அடக்கம். மாகே கேரள வட்டத்திலும் ஏனாம் ஆந்திர வட்டத்திலும் இருக்கின்றன. ஆகவே இந்தப் பயணத்தின் பதிவில் நிறுவன எண் (செல் எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தினுடையது என்று காட்டும் எண்) திடீரென மாறினால், எல்லை தாண்டியதாக நினைக்காதீர்கள். இன்னொரு சிம்மின் வரிகள் கலந்துவிட்டன என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

தேவையானவை

இரண்டு ஆண்ட்ராய்டு போன்கள், ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம்கள், ஒரு பவர் பேங்க். போனுக்கு ஒரு சிம் மட்டும் போடுங்கள். இரண்டு சிம் போட்டால் இரண்டின் செல்களும் ஒரே பட்டியலில் வந்து விழும். பிறகு நிறுவன எண்ணை வைத்துப் பிரிக்கும் வேலை மிஞ்சும்.

முதல் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அது ஐடில் நிலையில், அதாவது நெட்வொர்க்கோடு பேசாமல் காதை மட்டும் திறந்து வைத்த நிலையில் பயணிக்கும். இரண்டாவது போனில் டேட்டா ஓடட்டும், ஒரு பாட்டு ஸ்ட்ரீம் ஆனால் போதும். ஐடில் போன் எந்தச் செல்லைப் பிடிப்பது என்று தானே முடிவு செய்கிறது. பேசிக்கொண்டிருக்கும் போனை நெட்வொர்க் கைமாற்றுகிறது. ஒரே இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டும் வெவ்வேறு இடத்தில் செல் மாறுவதைப் பதிவில் பார்க்கலாம். நமக்கு முக்கியம் முதல் போன்தான். இரண்டாவது ஒப்பிடுவதற்கு.

பதிவு செய்ய நெட்வொர்க் மானிட்டர் வகைச் செயலி எதுவும் சரி, நேரம், ஜிபிஎஸ், செல் விவரம் மூன்றையும் சிஎஸ்வி கோப்பாகத் தர வேண்டும். தானே ஸ்கிரிப்ட் எழுத விரும்புவோருக்கு, ஆண்ட்ராய்டில் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலி நல்லது. செல் விவரத்தை ஜேசன் வடிவில் தரும் கட்டளை அதில் உண்டு. ஆனால் டெர்மக்ஸும் அதன் ஏபிஐ துணைச் செயலியும் ஒரே இடத்திலிருந்து இறக்கியவையாக இருக்க வேண்டும். ஒன்று எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையிலும் மற்றொன்று வேறு எங்கோவும் எடுத்தால் கையெழுத்துச் சாவி பொருந்தாது. இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது.

பேருந்து ஏறும் முன் செய்ய வேண்டியவை சில. லொகேஷனை ஆன் செய்யுங்கள்; ஆண்ட்ராய்டு 10 முதல் துல்லிய இருப்பிட அனுமதி இல்லாத செயலிக்குச் செல் எண் கிடைக்காது. பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து செயலியை நீக்குங்கள், இல்லாவிட்டால் அரியாங்குப்பம் வருவதற்குள் பதிவு நின்றுவிடும். திரையை மங்கலாக வைத்தாவது எரியவிடுங்கள், ஏனென்றால் திரை அணைந்தால் மோடம் (போனின் ரேடியோ சிப்) பல மாற்றங்களைச் செயலிக்குச் சொல்வதில்லை. *#*#4636#*#* என்று டயல் செய்தால் பல போன்களில் சோதனை மெனு திறக்கும். அதில் எல்டிஇ (4ஜி) மட்டும் என்று தேர்ந்தெடுங்கள். போன் 2ஜிக்கும் 4ஜிக்கும் தாவினால் பதிவு குழம்பிவிடும்.

அந்தத் தாவலைப் பற்றி ஒரு வார்த்தை. வோல்டிஇ (4ஜியிலேயே குரல் அழைப்பு) இல்லாத போனுக்கு 4ஜியில் இருக்கும்போது அழைப்பு வந்தால் அது 2ஜி அல்லது 3ஜிக்கு இறங்கித்தான் பேச முடியும். இறங்கிய இடத்தின் லொகேஷன் ஏரியா (2ஜி, 3ஜியில் பல செல்களைச் சேர்த்த பகுதி) நெட்வொர்க் எதிர்பார்த்ததாக இல்லாவிட்டால், அழைப்பின் நடுவிலேயே ஒரு லொகேஷன் அப்டேட் நடக்கும். பிறகுதான் மணி அடிக்கும். கூப்பிட்டவர் சில நொடிகள் மௌனத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 4ஜியில் அதே வேலையைச் செய்யும் டிராக்கிங் ஏரியாவின் ஓரமும் லொகேஷன் ஏரியாவின் ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இடங்களில் இது கூடுதல்.

பதிவும் கழிவும்

2 நொடிக்கு ஒரு வரி போதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 22 மீட்டருக்கு ஒரு வரி. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 1,800 வரிகள் வரும். போனை ஜன்னலோரம் ஒரே இடத்தில் ஒட்டி வையுங்கள். போகும்போது மடியிலும் வரும்போது பையிலும் வைத்தால், இரண்டு பயணத்தையும் ஒப்பிட முடியாது.

வந்த கோப்பில் முதலில் தேட வேண்டிய எண் 2147483647. ஆண்ட்ராய்டு "தெரியவில்லை" என்பதை இப்படித்தான் எழுதும். இதை நீக்காமல் கணக்குப் போட்டால், இல்லாத செல் ஒன்றுக்கு நூறு தடவை போய் வந்ததாக விடை வரும். அடுத்து, பதிவான செல் என்று குறிக்கப்பட்ட வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை அக்கம்பக்கத்துச் செல்கள். மூன்றாவது, பழைய தகவலையே திரும்பத் திரும்பத் தரும் போன்கள். ஒவ்வொரு செல் விவரத்துடனும் மோடம் தரும் நேரமுத்திரையைப் பாருங்கள். வரியின் நேரம் ஓடிக்கொண்டிருக்க, முத்திரை நகராமல் நின்றால் அந்த வரிகள் வெறும் நகல்.

4ஜி செல் எண் 28 பிட். அதை 256-ஆல் வகுத்தால் ஈவு டவர் நிலையத்தின் எண், மீதி அந்த நிலையத்தின் செல் எண். பதிவில் 12345601 என்று இருந்தால் நிலையம் 48225, செல் 1. ஒரே நிலையத்தின் மூன்று முகங்களுக்கிடையே மாறுவதையும் நிலையம் விட்டு நிலையம் மாறுவதையும் இப்படிப் பிரித்துவிடலாம். டிஏசி எனப்படும் டிராக்கிங் ஏரியா எண் 4ஜியில் 16 பிட். 5ஜியில் 24 பிட். 5ஜி தனித்து இயங்கும் இடங்களில் செல் எண் 36 பிட்டாக நீளும், அதில் நிலைய எண்ணின் நீளம் 22-லிருந்து 32 பிட் வரை நிறுவனம் விரும்பியபடி இருக்கலாம். ஆகவே 256 வித்தை அங்கே செல்லாது. 4ஜியின் தோளில் ஏறி வரும் 5ஜியானால் கவலையில்லை, டிஏசி 4ஜியுடையதே.

பிறகு, பயணத்தில் முதலில் கண்ட வரிசைப்படி நிலையங்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். சாலை கோடாக இருப்பதால் இந்த எண்களின் வித்தியாசமே தூரம். அட்சரேகை தீர்க்கரேகைக் கணக்கெல்லாம் வேண்டாம். பாலங்களில் மட்டும் எச்சரிக்கை. சுண்ணாம்பாற்றின் மேலும் தென்பெண்ணையின் மேலும் வீடும் மரமும் மறைக்காததால், தொலைவிலுள்ள செல்லும் நன்றாகக் கேட்கும். எட்டாவது வரவேண்டிய நிலையம் ஐந்தாவதாக எட்டிப் பார்த்துவிட்டு மறையும். குறைந்தது 10 நொடி தொடர்ந்து பிடித்த நிலையத்துக்கு மட்டும் எண் கொடுத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். போகும்போது எடுத்த வரிசையையும் திரும்பும்போது எடுத்த வரிசையையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் இடம் மாறாதவை நம்பத்தக்கவை.

டிஏசி மாறியது வேறு, அப்டேட் நடந்தது வேறு

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டிஏசி மாறிய இடங்களை எண்ணி, இத்தனை அப்டேட் என்று எழுதிவிடுகிறார்கள். 2ஜியில் அது சரி: லொகேஷன் ஏரியா மாறினால் அப்டேட் கட்டாயம். 4ஜியில் போன் பதிவு செய்யும்போது நெட்வொர்க் ஒரு பட்டியல் கொடுக்கிறது. அதில் 16 டிராக்கிங் ஏரியாக்கள் வரை இருக்கலாம். பட்டியலுக்குள் எங்கே அலைந்தாலும் போன் வாய் திறக்காது. பட்டியலில் இல்லாத டிஏசி கண்ணில் பட்டால்தான் பேசும். எனவே சிஎஸ்வியில் எண்ணிய டிஏசி மாற்றம் மேல்வரம்பு மட்டுமே.

பட்டியலைப் பார்க்கச் சாதாரணச் செயலி உதவாது. குவால்காம் சிப் உள்ள, ரூட் செய்த (பூட்டிய உள்ளமைப்பைத் திறந்த) பழைய போன் ஒன்று வேண்டும். கியூசிசூப்பர், ஸ்கேட், மொபைல்இன்சைட் போன்ற திறமூலக் கருவிகள் மோடத்தின் உட்பதிவை எடுத்துத் தரும். முதல் இரண்டின் விளைவை வயர்ஷார்க் என்ற பகுப்பாய்வு மென்பொருளில் திறக்கலாம். அதில் டிராக்கிங் ஏரியா அப்டேட் ஏற்பு என்ற செய்தியைத் தேடுங்கள். ஏரியாப் பட்டியலும், அசையாத போனும் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பேச வேண்டும் என்று சொல்லும் டி3412 என்ற கால இடைவெளியும் அதற்குள் இருக்கும். வங்கிச் செயலி வைத்திருக்கும் அன்றாட போனை இதற்காக ரூட் செய்யாதீர்கள். பிறகு பணம் அனுப்ப முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும். இவை எல்லாம் உங்கள் சிம்மையும் உங்கள் போனையும் கேட்பவை மட்டுமே. ரேடியோ கருவி வைத்துப் போலி டவர் ஒன்றைக் கிளப்பிப் பார்க்கலாமே என்று தோன்றினால், அது உரிமமில்லாத ஒலிபரப்பு, குற்றம்.

பகுதி எவ்வளவு நீளம்?

இனி பைத்தான், அல்லது தாளும் பேனாவும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், நிலையத்துக்கு 3 செல் என்று எளிமையாக வைப்போம். பேருந்தின் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். போன் அப்டேட் சொல்லாமலே அலையக்கூடிய ஒரு பகுதியின் நீளத்தை ‘நீ’ கிலோமீட்டர் என்று குறித்தால், மணிக்கு 30/நீ அப்டேட். ஒவ்வோர் அழைப்புக்கும் 3நீ செல்களில் பேஜிங். ஓர் அப்டேட், சரிபார்ப்பும் தரவுதள மாற்றமும் சேர்த்து, ஒரு செல் பேஜிங்கைப் போலப் பத்து மடங்கு செலவு என்று கொள்வோம். இந்தப் பத்து நாம் தேர்ந்த எடை, மாற்றிப் பார்க்கலாம். மணிக்கு 2 அழைப்பு வந்தால் மொத்தச் செலவு 300/நீ + 6நீ.

நீளம் 1 கிலோமீட்டர் என்றால் 306. சாலை முழுக்க, 22 கிலோமீட்டரும், ஒரே பகுதி என்றால் ஏறக்குறைய 146. குறைந்தபட்சம் 50-இன் வர்க்கமூலத்தில், அதாவது 7.07 கிலோமீட்டரில், 85-க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இப்போது 5 கிலோமீட்டரிலும் 10 கிலோமீட்டரிலும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் 90. உகந்த நீளத்தை 3 கிலோமீட்டர் கூடவோ 2 கிலோமீட்டர் குறையவோ தவறவிட்டாலும் நஷ்டம் 6 சதவீதம்தான்! பகுதியின் அளவைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதுதான் வதைக்கும்.

ஒரு விஷயம் மட்டும் அளவையே மாற்றும். அழைப்பு என்றால் குரல் அழைப்பு மட்டுமல்ல. ஐடில் போனுக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தாலும் பேஜிங்தான். மணிக்கு 2 என்பது 20 ஆனால் உகந்த நீளம் 7.07-லிருந்து 2.24 கிலோமீட்டராகச் சுருங்கும். ஒரு டிராக்கிங் ஏரியாவின் எல்லா பேஜிங்கையும் அதன் ஒவ்வொரு செல்லும் சுமக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 4ஜியில் ஒரு பேஜிங் செய்தியில் அதிகபட்சம் 16 பெயர்கள். 10 மில்லிநொடிக்கு ஒரு வாய்ப்பு என்று அமைத்தால் நொடிக்கு 1,600 பெயர்கள். ஒரு பகுதியில் 1 லட்சம் போன்கள், நெரிசல் மணியில் ஒவ்வொன்றுக்கும் 10 பேஜிங் என்றால் நொடிக்கு 278. அந்தக் கொள்ளளவில் 17 சதவீதம் அதற்கே போய்விடும், பதில் வராததால் மறுபடி கூப்பிடுவதைச் சேர்க்காமலே.

கோட்டை எங்கே போடுவது

ஐடில் போன் செல் மாற, புதிய செல் பழையதைவிட சில டெசிபல் பலமாகவும், அது சில நொடி நீடிக்கவும் வேண்டும். 4ஜியில் பரவலாக 4 டெசிபலும் ஒன்றிரண்டு நொடியும் வைப்பார்கள். 2ஜியில் இன்னும் நயமான ஏற்பாடு உண்டு: அண்டைச் செல் வேறு லொகேஷன் ஏரியாவைச் சேர்ந்ததானால் மட்டும் கூடுதல் தடை, 0 முதல் 14 டெசிபல் வரை 2-இன் படிகளில். வீட்டுக்குள் மாறுவது சுலபம், வீடு மாறுவது கடினம்.

பகுதி ஓரத்தில் இருக்கும் வீட்டில் மேசை மேல் அசையாமல் கிடக்கும் போன்கூட, பேருந்து கடக்கும்போதும் கதவு திறந்து மூடும்போதும் 4 டெசிபலைத் தாண்டிவிடும். பழைய முறையில் ஒவ்வொரு தடவையும் ஒரு அப்டேட். ஆகவே கோடு கடைத்தெருவிலோ பேருந்து நிலையத்திலோ விழக் கூடாது. ஆட்கள் குறைவாக நிற்கும், வேகமாகக் கடக்கும் இடத்தில் விழ வேண்டும். ஆறு நல்ல எல்லைபோலத் தோன்றும், நிலப்படத்தில் அழகாகவும் இருக்கும். ஆனால் நீர்ப்பரப்பின் மேல் இரு கரைச் செல்களும் ஏறக்குறையச் சம பலத்தில் கேட்பதால், கரையோர வீடுகளுக்கு அது மோசமான எல்லை. பாலத்தின் இரு கரையையும் ஒரே பகுதியில் அடக்கி, கோட்டை ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட வயல்வெளிக்குத் தள்ளுவதே மேல்.

ரயில் பாதையும் கவனிக்கத்தக்கது. ஏறக்குறைய 570 மீட்டர் நீள ரயில் மணிக்கு 60 கிலோமீட்டரில் கோட்டைக் கடக்க 34 நொடி. உள்ளே ஆயிரம் போன்கள் இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 30 அப்டேட், ஒரே செல்லின் மேல். அதே கோடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு நேரே விழுந்தால், நிற்கும் ரயிலின் போன்களும் நடைமேடையின் போன்களும் சேர்ந்து ஊசலாடும்.

ஊசலாட்டத்துக்கு உண்மையான மருந்து மேலே சொன்ன பட்டியல். சாலையை அ, ஆ, இ, ஈ என்று நான்காகப் பிரித்ததாக வையுங்கள். ஆ-வில் பதிவு செய்யும் போனுக்கு அ, ஆ, இ மூன்றையும் கொடுத்துவிட்டால், ஆ–இ கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தாலும் அது பேசாது. ஈ-க்குள் நுழைந்ததும் ஒரு தடவை பேசும். அப்போது இ, ஈ சேர்ந்த பட்டியல் கிடைக்கும். திரும்பி இ-க்கு வந்தால் மௌனம். கோடு போனுக்குப் போன் வேறு இடத்தில் விழுகிறது, அவ்வளவே. விலை, பேஜிங் பரப்பு மூன்று மடங்கு.

மூன்று முறைகள், இரண்டு பயணிகள்

நிலையான பகுதிக்கு மாற்றாக 1990-களிலிருந்தே பேசப்படும் முறைகள் உண்டு. தூர முறை: கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து குறிப்பிட்ட தூரம் விலகினால் சொல். நகர்வு முறை: குறிப்பிட்ட எண்ணிக்கைச் செல் மாற்றம் நடந்தால் சொல். நேர முறை: குறிப்பிட்ட நேரம் கடந்தால் சொல்.

பேஜிங் பரப்பைச் சமமாக வைத்தால்தான் ஒப்பீடு நியாயம். தூர முறையில் 4 நிலையம் விலகினால் சொல் என்றால், போன் இருபுறமும் 3 நிலையத்துக்குள் இருக்கும், மொத்தம் 7 நிலையம், 21 செல். அதே 7 நிலையம் கொண்ட நிலையான பகுதியோடு நிறுத்துங்கள். பயணிகள் இருவர். ஒருவர் நேராக ஓடும் பேருந்தில். மற்றவர் ஒவ்வொரு அடிக்கும் (ஓர் அடி ஒரு நிலையம்) நாணயம் சுண்டி முன்னோ பின்னோ போகும் குடிகாரர். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குப் பிடித்தமான ஆள்.

பேருந்துப் பயணி: நிலையான பகுதியில் 7 நிலையத்துக்கு ஒரு அப்டேட், தூர முறையில் 4-க்கு ஒன்று, நகர்வு முறையிலும் 4-க்கு ஒன்று. குடிகாரர்: நிலையான பகுதியில் ஓரத்தில் நுழைந்து சராசரி 7 அடியில் வெளியே விழுகிறார், தூர முறையில் 16 அடிக்கு ஒன்று (நடுவிலிருந்து இருபுறமும் 4 தொலைவைத் தொட சராசரி 4-இன் வர்க்கம்), நகர்வு முறையில் அதே 4. பைத்தானில் ஒரு லட்சம் அடி ஓடவிட்டுச் சரிபாருங்கள். 7-க்கும் 16-க்கும் மிக நெருக்கமாக வர வேண்டும். 7 வரவில்லை என்றால், ஓரத்தில் நுழையும்போது இடத்தை 1 என்று வைக்காமல் 0 என்று வைத்திருப்பீர்கள்.

காரணம் தெளிவு. தூர முறை போனை எப்போதும் பரப்பின் நடுவில் வைக்கிறது. நேராக ஓடுகிறவனுக்குப் பின்பாதி வீண். புத்தகத்தில் சிறந்ததாகப் பேசப்படும் முறை கடலூர் பேருந்தில் தோற்கிறது. நகர்வு முறை இங்கே இருவருக்கும் உதவவில்லை, பாலத்தின் மேல் இரண்டு செல்களுக்கிடையே ஊசலாடும் போனையும் பயணியாக எண்ணிக்கொள்ளும். நடைமுறைக்கு ஏற்ற வழி, டிராக்கிங் ஏரியாவைச் சிறிதாக வைத்து, பட்டியலை ஆளுக்கு ஏற்ப வளைப்பது: வீட்டோடு இருப்பவருக்கு இருபுறமும், முந்தைய அப்டேட்கள் ஒரே திசையில் இருந்தால் முன்பக்கம் நீண்டதாகவும். 16 இடம் இருக்கிறது, தாராளம்.

இப்போது உங்கள் சிஎஸ்வியை இதே நிரலுக்குள் ஊட்டுங்கள். தூர முறைக்கு, கடைசியாகச் சொன்ன நிலைய எண்ணை ஒரு மாறியில் வைத்து, வரி வரியாகப் படித்து, வித்தியாசம் 4 ஆனால் எண்ணிக்கையைக் கூட்டி மாறியைப் புதுப்பிக்க வேண்டும். நிலையான பகுதி, தூரம், நகர்வு மூன்றுக்கும் மூன்று எண்ணிக்கை. போகவும் வரவும் தனித்தனியே. அன்றாடம் ஒரே தெருவுக்குள் சுற்றும் ஒருவரின் போனில் ஒரு நாள் பதிவும் எடுத்தால், பேருந்துக்கும் குடிகாரருக்கும் இடையே நிஜ மனிதர் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.

படிப்படியாகக் கூப்பிடுவது

பட்டியல் நீளமானால் பேஜிங் பெருகுமே என்ற கவலைக்கு விடை, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கூப்பிடாமல் இருப்பது. முதலில் கடைசியாகக் கண்ட நிலையம், 3 செல். பதில் இல்லையா, அந்த டிராக்கிங் ஏரியா, 21 செல். அதிலும் இல்லையா, பட்டியல் முழுதும், 66 செல். முதல் படியில் 60 சதவீதமும் இரண்டாம் படியில் 30 சதவீதமும் கிடைப்பதாக வைத்தால், சராசரி 3 + 0.4×21 + 0.1×66 = 18 செல். நேரடியாக 66-ஐக் கூப்பிடுவதில் கால்பங்கு சொச்சம்.

விலை தாமதம். ஐடில் போன் காதைத் திறப்பது 0.32, 0.64, 1.28, 2.56 நொடி என்ற சுழற்சிகளில் ஒன்றில்தான். 1.28 என்று அமைத்திருந்தால் ஒவ்வொரு தோல்விப் படிக்கும் அதற்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். அதனால் குரல் அழைப்புக்கு முதல் படியிலேயே அகலமாகவும், செயலி அறிவிப்புக்குக் குறுகலாகவும் தொடங்குவது நல்லது. பாட்டி அனுப்பிய காலை வணக்கம் மூன்று நொடி தாமதமானால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கடலும் புயலும்

நகராமல் கிடக்கும் போனும் இடையிடையே பேசும். 2ஜியில் டி3212 என்ற கடிகாரம் 6 நிமிட அலகுகளில். 10 என்றால் ஒரு மணி நேரம், 255 என்றால் 25.5 மணி நேரம், 0 என்றால் கிடையாது. 4ஜியில் டி3412-இன் இயல்பு மதிப்பு 54 நிமிடம், நெட்வொர்க் வேறு மதிப்பும் தரலாம். அதன் மேல் 4 நிமிடம் கூட்டி, அதுவரை போன் உயிரோடு இருக்கிறது என்று நெட்வொர்க் நம்பும்.

கடலூர் துறைமுகத்திலிருந்து படகு கிளம்பி சிக்னல் எல்லை தாண்டும்போது போன் யாரிடமும் விடைபெறுவதில்லை. அணைத்தால்தான் விடைபெறும் செய்தி போகும். ஆகவே அடுத்த 58 நிமிடத்துக்குள் யார் அழைத்தாலும் கரையோரச் செல்கள் வீணே கூப்பிட்டு ஓயும். அதைவிடக் கெடுதல் எல்லையின் விளிம்பில்: டவரின் குரல் போனுக்குக் கேட்கும், போனின் குரல் டவரை எட்டாது. அப்டேட் தோற்றால் 10 நொடி கழித்து மறுபடி முயலும். ஐந்து தோல்விக்குப் பிறகு இயல்பாக 12 நிமிடம் ஓய்ந்து மீண்டும் ஐந்து. ஒவ்வொன்றும் முழு பலத்தில். கரை திரும்புவதற்குள் பேட்டரி காலியாவதற்கு இது பெரிய காரணம். முகத்துவாரம் தாண்டியதும் ஃப்ளைட் மோடு போட்டால் மிச்சமாகும். ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும்.

அளவீட்டுக்கு நாள் தேர்வதிலும் கவனம் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது; 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புதுச்சேரி அருகே. அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் போய் டவர் பேட்டரி தீர்ந்ததும் போன்கள் தொலைதூரச் செல்லைப் பிடித்துத் தொங்கும், நிலைய வரிசை எண்கள் அர்த்தமிழக்கும். மின்சாரம் திரும்பியதும் அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய முண்டும். நெரிசல் தாங்காதபோது நெட்வொர்க் டி3346 என்ற காத்திருப்புக் கடிகாரத்தைக் கையில் கொடுத்து "பிறகு வா" என்று திருப்பி அனுப்பும். சாதாரண மின்வெட்டு நாளிலும் சிறிய அளவில் இதுவே நடக்கும். பதிவில் ஒரு நிலையம் போகும்போது இருந்து, வரும்போது காணாமல் போயிருந்தால் அந்த நாளின் கோப்பை ஒதுக்கிவிட்டு, இன்னொரு வார நாளில் அதே நேரப் பேருந்தில் மறுபடி எடுங்கள்.